நனையாத ரொட்டி

பொன்னுவேலுக்கு இரண்டு சத்தங்களில் காது கூர்மை. ஒன்று, சூளையில் ரொட்டி வெந்து மேலோடு வெடிக்கிற சத்தம். மற்றொன்று, துரையின் குதிரைக் குளம்பு. இரண்டாவது கேட்டால் போதும், குதிரை வளைவு திரும்புவதற்கு முன்பே அவர் கை குடையை மடக்கிவிடும். ஏற்காட்டில் துரை எதிரே வரும்போது கறுப்பு மனிதன் குடை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது. மடக்குவது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பொன்னுவேல் பங்களாக்களுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர். கார்த்திகை மழையில் குடையை மடக்கினால் அவர் நனைவதோடு போகாது, கூடையும் நனையும். பெரிய பங்களா துரைசானி, ஈர ரொட்டி ஈர ரொட்டி என்று வருஷக்கணக்காக மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள். ஏன் நனைகிறது என்று அவளும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டுக்காரருக்கு மரியாதை செய்ததில் உங்கள் ரொட்டி நனைந்துவிட்டது என்றா?

கடைத்தெருவில் அவருடையது ஒற்றை அறைக் கடை. முன்னால் ரொட்டியும் பிஸ்கட்டும் வெண்ணெயும், பின்னால் சூளை. சூளையை மனைவி வேலம்மாள் பார்த்துக்கொண்டாள். பொன்னுவேலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு மேடேற முடியாமல் போனபோதுதான், கடையில் நிற்கவும் பங்களாக்களுக்குப் போய்வரவும் ஓர் ஆள் தேடினார்.

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மருதாயியின் மகன் வேடியப்பன், மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்திருந்தான். இங்கிலீஷ் பேசுவான். "வெள்ளிக்கெழம வந்துரு கண்ணு, வேலை உனக்குத்தான்" என்று பொன்னுவேல் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கை நம்பி மருதாயி ஒரு காரியம் செய்துவிட்டாள். பையனை எஸ்டேட் ஆளாகச் சேர்க்கச் சொல்லி மேஸ்திரி நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை சேர்ந்தால் லேசில் வெளியே வர முடியாது. "எம் பையன் ரொட்டிக் கடைக்குப் போறானுங்க" என்று அவனிடம் நிமிர்ந்து நின்று சொன்னாள். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயன் வீடுகளில் அப்படியொரு பதிலை மேஸ்திரி கேட்டதில்லை. "சரி, கடை வேலை நிக்கலீன்னா பழம் பறிக்க வரணும். வரலீன்னா லயன் ஊட்டுல அவனுக்கு எடமில்ல" என்றான்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஒரு கையில் கூடையும் மறு கையில் கடைக் குடையுமாக வேடியப்பன் முன்னால் போனான். பொன்னுவேல் தம் குடையைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு பின்னால் நடந்தார். பாதி வழியில் குளம்புச் சத்தம் கேட்டது. பொன்னுவேலின் குடை மடங்கியது.

"மடக்கு சாமி, மடக்கு! தொரை வர்றாரு!"

"ரொட்டி நனைஞ்சு போயிருமுங்களே" என்றான் வேடியப்பன். அதில் திமிர் ஒன்றும் இல்லை. பாதையை விட்டு ஒதுங்கி நின்றான். குடையைத் தன் தலையிலிருந்து நகர்த்திக் கூடைக்கு மட்டும் பிடித்தான். மழை அவன் தலையில் கொட்டியது. "குட் மார்னிங் சார்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி சொன்னான். துரை பதில் சொல்லவில்லை. குடையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், குதிரையைத் தட்டிவிட்டார்.

பங்களா வாசல் கேட்டில் வேடியப்பனை நிறுத்திவிட்டுப் பொன்னுவேல் சமையலறைப் பின்வாசலுக்குப் போனார். துரைசானி ஒரு ரொட்டியைப் பிட்டுப் பார்த்தாள். இன்றைக்குத்தான் ரொட்டி ரொட்டியாக இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். பொன்னுவேலுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் துரை திரும்பி வந்து அவளிடம் ஏதோ சொன்னார்.

அவள் பேச்சு மாறிவிட்டது. அந்தப் பையன் வேண்டாம் என்றாள். அந்தக் கறுப்புக் கை தொட்ட ரொட்டி தன் மேசைக்கு வரக் கூடாது, கடையில் அவன் நின்றால் எந்தப் பங்களாவும் பொன்னுவேலிடம் வாங்காது, தானே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். சேலத்தில் சட்டைக்காரப் பையன்கள், வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்தவர்கள், இருக்கிறார்களே, வெள்ளையாக, பார்வைக்குச் சுத்தமாக, அவர்களில் ஒருவனை வைத்துக்கொண்டால் என்ன?

பொன்னுவேல் தம் கையைப் பார்த்தார். சூளைக் கரியும் சேர்ந்து அது வேடியப்பன் கையைவிட ஒரு படி கறுப்பு. அவர் பார்ப்பதைப் பார்த்துத் துரைசானி சிரித்தாள். "நீ பரவாயில்லே பொன்னுவேல். நீ எடம் தெரிஞ்ச ஆள்."

அவர் கும்பிட்டார். கேட்டைத் தாண்டும்போதுதான் எதற்காகக் கும்பிட்டோம் என்பது உறைத்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, தொரைசானி என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டான் வேடியப்பன்.

உண்மையைச் சொன்னால் தம் கையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். "ரொட்டி நனைஞ்சு போச்சாம் கண்ணு. நொம்பக் கோவிச்சுக்கிட்டாங்க. நீ நாளைக்கு வர வேண்டாம்."

"மூடித்தானுங்க புடிச்சேன்" என்றான். பிறகு கூடையின் அடியைத் தடவிப் பார்த்தான், ஈரம் எங்கே என்று. "ஓரத்துல எங்கியாச்சும் எறங்கியிருக்குமுங்க. எம் மேலதான் தப்பு."

பழியை அவனே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். பொன்னுவேல் அதை இறக்கிவிடவில்லை.

வேலம்மாளை ஏமாற்ற முடியவில்லை. "கூடைத் துணி காஞ்சு கெடக்குது, ரொட்டி மட்டும் எப்படிங்க நனையும்?" என்றாள். நடந்ததைச் சொன்னார். "உங்கப்பனும் எங்கப்பனும் அந்த லயன்ல இருந்து வந்தவங்கதானுங்க" என்றாள். அதன் பிறகு சூளையோடு மட்டும்தான் பேசினாள். பொன்னுவேல் அன்றே ஆள் கேட்டுச் சேலத்துக்குச் சொல்லியனுப்பியதற்கு மறுநாள் பதில் வந்தது. பொன்னுவேல் தரக்கூடிய சம்பளத்துக்கு எந்தச் சட்டைக்காரப் பையனும் மலையேறத் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த கையோடு மருதாயி கடைக்கு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்துப் பலகைமேல் விரித்தாள். மழையில் பழம் பறிக்கிற பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி. அதை வெட்டி, ரொட்டிக் கூடை அளவுக்கு மூடியாகத் தைத்திருந்தாள்.

"பையன் ரொட்டிய நனைச்சுப்புட்டானாமுங்க, மொதலாளி. சோறுகூட எறங்காம வெசனப்படறானுங்க. இதைப் போட்டு மூடுனா ஒரு சொட்டு உள்ள போவாதுங்க. இன்னொரு வாட்டி உட்டுப் பாருங்க. நாளைக்குக் காட்டுக்கு வந்தே ஆவணும்னு மேஸ்திரி நிக்கறானுங்க."

பின்கட்டிலிருந்து வேலம்மாள் வந்து நின்றாள். பொன்னுவேலுக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய் சொல்லும்போதுகூட இவ்வளவு கூசவில்லை. அந்தப் பொய்யை நம்பி ஒருத்தி தன் கம்பளியை வெட்டிவிட்டாளே.

"ரொட்டி நனையல மருதாயி" என்றார்.

"பின்ன எதுக்குங்க வேண்டாம்னீங்க?"

"கொடைய மடக்கல." கொஞ்சம் நிறுத்தி, "அவங் கை கறுப்பா இருக்குதாம்" என்றார்.

மருதாயி முதலில் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். பொன்னுவேல் கையைப் பலகைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"அவனை வெச்சா பங்களா ரொட்டி நின்னு போயிரும்" என்று முணுமுணுத்தார். அவர் குரல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும், பையனை அனுப்பு என்கிற ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

வேலம்மாள் கம்பளியை எடுத்து நீட்டினாள். "கொண்டு போ மருதாயி. மழைக்கு உனக்கு வேணும்."

"வெட்டியாச்சுங்க. இனித் தலைக்கு ஆவாதுங்க." மருதாயி அதைப் பொன்னுவேல் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே வெச்சுக்கங்க மொதலாளி. நாளைக்கும் கொடைய மடக்கித்தானுங்களே ஆவணும். ரொட்டியாச்சும் நனையாம இருக்கட்டும்."

குத்திச் சொன்னாளா என்று தெரியவில்லை. குத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாளும் மழை. கூடைமேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி பொன்னுவேல் மேடேறினார். பாதையோரத்துக் காப்பிச் செடிகளுக்குள் பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் கம்பளி. மருதாயி தலையில் மட்டும் ஒரு கிழிந்த சாக்கு. அடுத்த வரிசையில் வேடியப்பன், இடுப்பில் பழக்கூடையோடு நின்றான்.

குளம்புச் சத்தம் கேட்டது. இன்றைக்குக் குடையை மடக்கக் கூடாது என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கை மடக்கிவிட்டது. தண்ணீர் பிடரியில் இறங்கி முதுகெல்லாம் ஓடியது. கம்பளிக்கு அடியில் ரொட்டி சூடாக இருந்தது. பழம் பறித்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். வேடியப்பன் மட்டும், தான் பார்த்தால் மொதலாளிக்கு வெட்கமாக இருக்குமே என்று, செடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.