முப்பத்தொரு குழிகள்

பாடை இடுகாட்டுப் பக்கம் போகாமல் தோட்டத் துரையின் பங்களாப் பாதையில் திரும்பியதைப் பார்த்ததும், கூலி லயத்து வாசலில் நின்றிருந்த இருளாயி அவிழ்ந்த தலையோடு ஓடினாள்.

"அர்ச்சுனா, நில்லுடா! அவர எங்கடா தூக்கிட்டுப் போற?"

முன்பக்கம் தோள் கொடுத்திருந்தவன் அவள் தம்பி. திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "பங்களாப் படியில எறக்கி வைக்கப் போறோம்க்கா. மச்சான் மூஞ்சியத் துரை பாக்கட்டும். அப்புறம் ரப்பர் ஸ்டோருக்குத் தீ வைக்கிறோம்."

பின்னால் வந்த ஆண்கள் கைகளில் பராங் கத்திகள் இருந்தன.

இருளாயியின் புருஷன் சின்னையாவுக்குக் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் உயிர் போயிருந்தது. ரப்பர் ஆலையின் கழிவு விழுகிற ஓடையில்தான் லயத்து ஜனங்கள் குடிக்கத் தண்ணீர் மொண்டார்கள். அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், சித்திரை பிறந்ததிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு சாவு. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி, ஏட்டில் ஏற்றியதையெல்லாம் ஊரிலிருந்தே கொண்டுவந்த 'பழைய காய்ச்சல்' என்றே எழுதினார்.

இருளாயி பாடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"போன வருசம் அடுத்த தோட்டத்துல பங்களாக் கண்ணாடிய ஒடைச்சாங்க. என்னாச்சு? ஆறு பேர ஊருக்கே கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டான். தண்ணி மாறுச்சா?"

"அப்ப சும்மா பொதைச்சிட்டு, காலையில வழக்கம்போல பெரட்டுல போயி நின்னு வேலைக்குப் பேர் குடுக்கச் சொல்றியா?"

"மொதல்ல இவரப் பொதைப்போம்டா. இவர வெயில்ல வச்சிக்கிட்டு நமக்கு என்ன பேச்சு" என்றாள்.

பாடை திரும்பியது. பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. இருளாயி அதன் பின்னாலேயே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

ரப்பர் பால்மரக் காட்டுக்குள் நடுப்பகலிலும் அந்தி போல இருந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. காய் வெடிக்கும் பருவம். எங்கோ மேலே 'டப்' என்று வெடிக்கும். கொட்டை சருகில் விழுந்து உருளும். யாரோ பின்னால் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டது போலக் கேட்கும். தூக்கியவர்கள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

பத்துப் பதினைந்து மேடுகள் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். புதுக்குழிகள் மரங்களுக்கு நடுவே, மரங்களைப் போலவே நேர் வரிசையில் போய்க்கொண்டே இருந்தன. தலைமாட்டில் ஒவ்வொரு குச்சி. பாதிக்கு மேல் சின்னஞ்சிறு குழிகள். ஒன்றின் ஓரத்தில் தெரியாமல் கால் வைத்தாள். மண் மெல்ல உள்ளே இறங்கியது. அவள் காலை எடுத்த பிறகும் இறங்கிக்கொண்டிருந்தது.

சின்னையாவின் மேல் கடைசி மண் விழுந்தது. யாரும் கிளம்பவில்லை. இருளாயி பக்கத்துக் குழியைக் காட்டி, "இதுல யாரு?" என்றாள்.

கத்தியோடு நின்ற ஒருவன் தலையைக் குனிந்தான். "எம்பொண்ணு. வைகாசியில."

"இது?"

"எங்கம்மா."

அவள் கேட்டுக்கொண்டே வரிசையோடு போனாள். மரியஜோசப் பின்னாலேயே வந்தான். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தவன். லயத்தில் எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பவன். கடைசிக் குழியில் நின்று, "முப்பத்தொண்ணுக்கா" என்றான் தாழ்ந்த குரலில். "கிராணி ஏட்டுல பத்தொம்பதுதான் இருக்கு. நான் பாத்தேன்."

"அப்ப பன்னெண்டு பேரு எங்க போனாங்க?"

மேலே ஒரு காய் வெடித்தது.

"எழுது மரியஜோசப்பு. பேரு, நாளு, எந்த வீடு, எந்த மரத்துலேருந்து எத்தன எட்டு, எல்லாத்தையும் எழுது. ஈப்போவுல லேபர் ஆபீசு இருக்குல்ல. ஒருத்தன் கத்துனா துரை அவனத் தூக்கிருவான். லயமே கைநாட்டு வச்சா யாரத் தூக்குவான்?"

"கடுதாசிக்குத் தண்ணி மாறுமாக்கும்!" அர்ச்சுனன் கத்தியை மரத்தில் ஓங்கிக் கொத்திவிட்டுப் போனான். வெட்டிலிருந்து பால் வழிந்து சருகில் சொட்டியது.

அதற்குப் பிறகு அவன் அக்காவோடு பேசவில்லை. லயத்தில் வீடு வீடாகக் கைநாட்டு வாங்கினார்கள். முறை வைத்து, ஒரே அண்டாவில் எல்லாருக்கும் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். மனுவைத் தோட்டத்துத் தபாலில் போடாமல், மரியஜோசப்பின் மனைவி ஆலிஸ் மடியில் கட்டிக்கொண்டு, சிலிம் ரிவர் ஸ்டேஷனில் ரயிலேறி ஈப்போவுக்குக் கொண்டுபோனாள். பதில் இல்லை. இன்னொரு மனு போனது. அதற்கும் இல்லை. நான்காவது மனுவுக்குப் பிறகு, கார்த்திகையில், அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது.

அதற்கு முந்தின நாள் கிராணி ஆள் விட்டுக் குச்சிகளைப் பிடுங்கி, மேடுகளைச் சமமாக்கி, மேலே சருகு பரப்பிவிட்டார்.

மறுநாள் காலை பனி விலகவில்லை. வெள்ளைக்கார அதிகாரி, துரை, அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு துபாசி, மூவரும் காட்டுக்குள் வந்தார்கள். துரை கையை வீசிக் காட்டினார்: வெறும் மரங்கள். அவருடைய நாய் மட்டும் சட்டென்று நின்றது. குரைக்காமல் பின்வாங்கியது.

மரங்களுக்கு நடுவே, பனிக்குள், ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் தொடாமல், பேசாமல், அசையாமல். ஒவ்வொரு குழியின் மேலும் ஒருவர்.

"யாரு நீங்க? இங்க என்ன செய்றீங்க?" துபாசி அதட்டினார்.

மரத்திலிருந்து எத்தனை எட்டு என்று எழுதி வைத்திருந்த அந்தத் தாளைப் பிரித்து மரியஜோசப் பெயர் வாசித்தான். வாசிக்க வாசிக்க அந்தக் குழியில் நின்றவர் சொன்னார்.

"எம்பொண்ணு. மூணு வயசு."

"எங்கம்மா. நாலு நாளு காய்ச்ச."

இருளாயியின் முறை வந்தது. மண்ணின் குளிர் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியிருந்தது. "சின்னையா. எம்புருசன். அஞ்சு நாளு" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை.

"பத்துமலை" என்று வாசித்தான் மரியஜோசப்.

அந்த இடம் காலியாக இருந்தது. பத்துமலைக்கு உறவென்று யாரும் இல்லை என்பதை அதுவரை ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அதிகாரி தான் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கி அங்கே பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

பாதையோரத்தில் கைகட்டி நின்றிருந்த அர்ச்சுனன் சருகு நொறுங்க நடந்து வந்து அந்த இடத்தில் நின்றான்.

"எங்கூடக் கப்பல்ல வந்தவரு" என்றான். "இவருக்கு நான்தான்."

அதிகாரி முப்பத்தொரு பெயர்களையும் எழுதிக்கொண்டு போனார். தைக்குள் லயத்துக்கு மேலே, மேட்டில் சிமெண்டு வளையம் போட்ட கிணறு வந்தது. ஆலைக் கழிவுக்குத் தனிக் கால்வாய் வெட்டினார்கள். மரியஜோசப்பைக் காரணம் சொல்லாமல் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். ஆயர் தாவார் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னான். போவதற்கு முன் இருபது நாள், வேலை முடிந்த பிறகு, அர்ச்சுனனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான்.

ஞாயிறுதோறும் இரண்டு வீட்டார் முறை வைத்துக் கிணற்றைச் சுத்தம் செய்தார்கள். லயத்தில் நடக்கும் சாவையெல்லாம் அர்ச்சுனன் ஒரு நோட்டில் எழுதினான். மாதத்துக்கு ஒரு நகல் ஈப்போவுக்குப் போனது.

சித்திரைக் கடைசியில் இருளாயி குடம் இறக்கிவிட்டு வந்தபோது, அவன் வாசலில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தின் தலையில் பெரிய பெரிய எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை.

"என்னடா அது?"

"சித்திரைன்னு போட்டிருக்கேன்."

"கீழ?"

"எழுத ஒண்ணுமில்லக்கா."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அவன் பக்கத்தைப் புரட்டப் போனான். அதற்குள் அவள் குனிந்து, அந்த வெள்ளைத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவன் காத்திருந்தான். அவள் கையை எடுக்கவில்லை.