இடப்பக்கம் இழுத்த வண்டி

ஒரு வண்டி தானாகக் குணம் மாறாது. இருபத்தெட்டு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மேஸ்திரிக்கு இது தெரியும். திங்கட்கிழமை அந்தப் பழைய கார் சாலையில் நிலைகொள்ளாமல் அலைந்தது. புதன்கிழமை காலையில் எடுத்து ஓட்டினால், அலைச்சல் பாதி குறைந்து, ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுக்கிறது. நடுவில் யாரும் அதைத் தொடவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கார் ஒரு பல் டாக்டருடையது. டாக்டரைவிட அதற்கு வயது கூட. முன்பக்கத்து ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் நைந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் கட்டில் உடைகிற சத்தம் வந்தது. எல்லாவற்றையும் புதுசாக மாற்றியது மேஸ்திரிதான். சத்தம் நின்றது. ஆனால் வண்டியின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. வளைவில் திருப்பினால், திரும்பிய சக்கரம் நேராக வர மனசில்லாமல் நின்றது.

"முன்னாடி சத்தம் போட்டுச்சு, ஆனா சொன்ன பேச்சு கேட்டுச்சு. இப்ப வாயே திறக்கல, குடிச்சவன் மாதிரி போகுது," என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு இடத்துக்கு எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டு நடந்தே போனார்.

முதலாளியம்மா மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. "யார் கையால கெட்டுச்சோ, அந்தக் கை இங்க வேணாம். மாமன் மச்சான் கதையெல்லாம் வாசலுக்கு வெளிய வச்சுக்கங்க," என்றார்.

மாமன் மச்சான் என்று யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரியின் தங்கையைக் கட்டியவருக்கும் அங்கேதான் வேலை. எதையும் அளந்து பார்க்காமல் தொடமாட்டார் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். மேஸ்திரிக்கு மட்டும் மாப்பிள்ளை. வேலையில் தனக்குக் கீழே இருப்பவர், வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டியவர். அப்படிப்பட்ட ஆளை எப்படி அதட்டுவது?

சந்தேகம் திங்கட்கிழமையே முளைத்துவிட்டது. மாப்பிள்ளை காரை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து கேட்டார்:

"மச்சான், ஆர்ம் போல்ட்டெல்லாம் எப்ப முறுக்குனீங்க?"

"எப்பன்னா? நல்ல நேரம் பார்த்தா முறுக்குவாங்க? மாட்டும்போதுதான்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆளா அவர்? குடிக்கிற தண்ணீரையே அளந்து குடிக்கிறவர். செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள். "அண்ணே, வேலையில எல்லாம் நல்லாத்தானே போகுது?" என்றாள். வேலை நாளில் அவள் போன் செய்ததே இல்லை. புதன்கிழமை டீ நேரத்தில் மாப்பிள்ளையும் பெயின்டரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கிட்டே போனதும் பெயின்டர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மேஸ்திரி டயரில் காற்றைப் பார்த்தார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை ஆட்டிப் பார்த்தார். அலைன்மென்ட் கடைக்கு இரண்டு தடவை கொண்டுபோய்க் காட்டினார். எங்கேயும் ஒரு குறை கிடைக்கவில்லை. கடைசியில் டேப்பைப் பிடித்து மட்கார்டின் உயரத்தை அளந்தார். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. கீழே படுத்து டார்ச் அடித்தார். இடப்பக்கத்து ஆர்ம் போல்ட்டின் தலையில் ஸ்பானர் கடித்த புதுத் தடம், வெள்ளிக் கீற்றாக மின்னியது. அது அவர் கடி இல்லை. அவர் ஸ்பானர் பழசு, மூலையை மழுக்கும். இது கூராக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. தன் வேலையை யாரோ அவிழ்த்துவிடுகிறார்கள். டாக்டர் கத்துவார், முதலாளியம்மா தன்னை அனுப்புவார், மேஸ்திரி இடம் காலியாகும். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் யார்? கணக்கு அழகாகப் பொருந்தியது.

அன்று சாயங்காலம் பெயின்டர் முகம் கழுவப் போன சமயம் பார்த்து, தீக்குச்சி முனையில் சிவப்புப் பெயின்டைத் தொட்டு, ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டிலும் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். யாராவது அசைத்தால் கோடு முறியும். பிறகு முதலாளியம்மாவிடம் போய் நின்றார்.

"வண்டில யாரோ கை வைக்கிறாங்கம்மா. நாளைக்குக் காலையில பேரோட சொல்றேன்."

"பேரோட வாங்க. அழுதுகிட்டு வராதீங்க. வந்த பேருக்கு நாளைக்கே கடைசி நாள்."

வீடு திரும்பும் வழியில் தங்கையின் முகம் ஒரு தரம் வந்துபோனது. மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய, அவர் யோசித்திருக்க வேண்டும், என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டது சரியாக ஒட்டவில்லை.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஷூவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நல்லா அவிழ்த்து முடிச்சாச்சா, மாப்ள? இல்ல நானும் ஒரு கை பிடிக்கணுமா?"

கால்கள் அசையவில்லை. "பிடிச்சீங்கன்னா சீக்கிரம் முடியும், மச்சான்," என்று கீழிருந்து குரல் வந்தது.

"மாப்ளன்னு கூப்பிட்ட வாய் இது. திட்ட வராது. நீங்களே வெளிய வந்து, எதுக்கு இப்படிப் பண்ணீங்கன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி வண்டி எதுமேல நிக்குதுன்னு பாருங்க."

மேஸ்திரி பார்த்தார். ஜாக்கி இல்லை. ஸ்டாண்டு இல்லை. ஆள் நுழைகிற உயரத்துக்குத் தடித்த பலகைகளை அடுக்கி, நான்கு சக்கரங்களும் அதன்மேல் ஏறி நின்றன. காரின் மொத்தக் கனமும் சக்கரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை அவர் போல்ட்டை முறுக்கியபோது சக்கரம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. லாரிப் பட்டை ஸ்பிரிங்கில் வளர்ந்த கை அது. அங்கே எப்படி முறுக்கினாலும் ஒன்றுதான். ரப்பர் அப்படியில்லை. தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலையையே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகி, பழைய நிலைக்குப் போகவே பார்க்கும். அதனால்தான் மூக்கு தூக்கியது. அதனால்தான் சக்கரம் திரும்பி வரவில்லை.

"இடப்பக்கத்த புதன்கிழமை காலையில தளர்த்தி, கனத்துல வச்சு முறுக்கிட்டேன்," என்றார் மாப்பிள்ளை. "வலப்பக்கம் ஆரம்பிக்கறதுக்குள்ள பெயின்டர் வந்துட்டாரு. பாதியில விட்டேன், வெளிய சொல்லாதீங்கன்னு டீ நேரத்துல அவருகிட்ட கேட்டுக்கிட்டேன். அதான் ஒரு பக்கமா இழுத்துச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

மாப்பிள்ளை வெளியே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கிரீஸ். "எப்ப முறுக்குனீங்கன்னு கேட்டதுக்கே நல்ல நேரம் பார்க்கணுமான்னு கேட்டீங்க. தப்பா முறுக்கியிருக்கீங்கன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னா? ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுலதான நான் சாப்பிடணும்? உங்க தங்கச்சி வேற, அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு நாலு தடவ சொல்லிட்டா."

மேஸ்திரி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபக்கம் படுத்தார். தான் இழுத்த சிவப்புக் கோடு முறிய, வலப்பக்கத்து நட்டை அவரே தளர்த்தினார். ரப்பர் 'டக்'கென்று விடுபட்டது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல அந்தப் பக்கம் இறங்கியது. மாப்பிள்ளை அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே உயரம். பிறகு முறுக்கினார்கள்.

முதலாளியம்மா வந்தபோது இருவரும் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரு?" என்றார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். இதைத்தானே எதிர்பார்த்தார், என் தப்பை என் வாயாலேயே சொல்லவைக்க, என்று மேஸ்திரிக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை விழுங்கினார்.

"என் பேருதாம்மா. தொங்கவிட்டு முறுக்கிட்டேன். சரிபண்ணது இவரு."

முதலாளியம்மா காரில் ஏறி, மேஸ்திரியையே ஓட்டச் சொன்னார். பெரிய சாலை நேராக ஓடுகிற இடத்தில் மேஸ்திரி ஸ்டியரிங்கை விட்டுக் கைகளை மடியில் வைத்தார். வண்டி கோடு போட்டதுபோலப் போனது. வளைவில் திருப்பினார், சக்கரம் தானாக நேராக வந்தது.

"சொன்ன சொல்லுப்படி பார்த்தா நீங்க இன்னைக்கே கிளம்பணும்," என்றார் முதலாளியம்மா, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. மேஸ்திரி வண்டியைத் திரும்பும் வழிக்கு ஒடித்த பிறகுதான் மீதி வந்தது. "பழிய உங்க மாப்பிள்ளை தலையில கட்டியிருந்தீங்கன்னா அதையும் பண்ணியிருப்பேன். இனிமே கார் வேலை அவர் சொல்றதுதான். நீங்க லாரியப் பாருங்க."

"சரிம்மா."

திரும்பி வந்து மாப்பிள்ளையிடம் அவரே சொன்னார். சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பாவது தட்டுப்படுகிறதா என்று. ஒன்றும் இல்லை. "லாரில பின் ஸ்பிரிங் ஒண்ணு உடைஞ்சு வந்திருக்கு, மச்சான். எனக்கு அது வராது," என்றார் மாப்பிள்ளை.

மேஸ்திரி தன் மழுங்கின ஸ்பானரை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார். ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லையே, ஏன் என்று பாதி வழியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.