பத்தாவது பேர்

கல்லாங்காட்டுப்புதூருக்கு நடுவே நாலுவழிச் சாலை போட்டபோது ஊரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன? டெல்லியில் உட்கார்ந்து கோடு இழுத்தவருக்கு, இங்கே வீடு ஒரு பக்கமும் பிழைப்பு மறுபக்கமும் இருப்பது எப்படித் தெரியும்? சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், ராசிபுரம் பிரிவுக்கு முன்னால் இருக்கிறது ஊர். கிழக்கே இருநூறு வீடுகள். மேற்கே ரேசன் கடை, கோழித்தீவன மில், சேலம் பக்கம் போகிற பஸ் நிற்கும் இடம். முறைப்படி கடக்க வேண்டுமென்றால் இரண்டரை கிலோமீட்டர் தெற்கே போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, மறுபடி இரண்டரை கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். அஞ்சு கிலோமீட்டர் நடந்து ரேசன் அரிசி வாங்குகிற புண்ணியவான் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் நடுத்திட்டில் ஓரிடத்தில் அரளிச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தச் சந்து வழியாகத்தான் ஊரே ஓடிக் கடந்தது.

அப்படி ஓடியதில் மூன்று வருசத்தில் பத்துப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். காகிதப்படி ஒன்பது பேர்.

அந்தக் கணக்கை வைத்திருந்தவள் வெண்ணிலா. வார்டு மெம்பர். வயது நாற்பத்திரண்டு. ரோட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. மாநில நெடுஞ்சாலை ஆபீசில் "அது சென்ட்ரல் ரோடும்மா" என்றார்கள். சுங்கம் வசூலிக்கிற கம்பெனியில் "எங்க ஒப்பந்தத்துல சுரங்கப்பாதை இல்லீங்க" என்றார்கள். கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கி, 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி, யாரைப் பற்றிய மனுவோ அவர்களுக்கே அனுப்பி வைத்தார்கள். ஓட்டுக் கேட்க வந்தவர் சால்வையை வாங்கிக்கொண்டு, "இது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வடக்கே போனார். இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியில் விவரம் சொன்னது ரோடு ஆபீஸ் என்ஜினியர் நவநீதகிருஷ்ணன்தான். பாவம், நல்ல மனுசன். அவளை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

"மேடம், பலகை வெக்கறது, வெளக்குப் போடறது, கோடு அடிக்கறது, இதுக்குத்தான் எங்க கையில அதிகாரமுங்க. சுரங்கப்பாதைன்னா பல கோடி. அதுக்கு டெல்லியில கையெழுத்து வேணும். வருசத்துக்கு ஒருக்கா ஆபத்தான எடங்களை லிஸ்ட் போட்டு அனுப்புவோம். நெதி கொஞ்சம், எடம் நெறைய. அதனால இந்தத் தடவை, மூணு காலண்டர் வருசத்துல ஐநூறு மீட்டருக்குள்ள பத்துச் சாவுக்குக் கொறஞ்ச எடத்தைச் சேக்க வேண்டாம்னு லெட்டர் வந்திருக்குங்க. நான் போட்டாலும் கம்ப்யூட்டர் எடுக்காது."

"எங்களுக்குப் பத்து இருக்குதுங்களே?"

"போலீஸ் ரெக்கார்டுல ஒம்போதுதானுங்க இருக்குது."

விட்டுப்போன அந்த ஒருவர் பொன்னாயியின் வீட்டுக்காரர். லாரி இடித்து, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து, இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. போகிற உயிர் சொந்த வீட்டு வாசல் நடையில் போக வேண்டும், உடம்பைப் பிரேதப் பரிசோதனை என்று அறுக்கக் கூடாது. அவரும் வீட்டில்தான் கண்ணை மூடினார். அறுக்காததால் டாக்டர் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் ஸ்டேசனில் அது காயம்பட்ட கேசாகவே நின்றுவிட்டது.

அன்றைக்கு வெண்ணிலா பொன்னாயியிடம் வெடுக்கென்று கேட்டுவிட்டாள். "அறுத்தா என்னக்கா? செத்தவங்களுக்கு வலிக்கவா போகுது? ஒரு சீட்டு இல்லாம ஊரே நிக்குதே!" பொன்னாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வெண்ணிலாவுக்கு டிசம்பர் ஆறாம் தேதிதான் அது தெரிந்தது.

அவள் புருசன் அறிவு தீவன மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை பார்த்தவன். வாயைத் திறந்தால் கேலி. அவள் மனுவோடு கிளம்பும்போதெல்லாம், "மெம்பரம்மா டெல்லிக்குப் பொறப்பட்டாச்சா? வாரப்ப அல்வா வாங்கிட்டு வா அம்முணி" என்பான். அன்று சாயங்காலம் மில் விட்டு வரும்போது, நடுத்திட்டுச் சந்தில் இருந்து கிழக்கே காலெடுத்து வைத்தவனை ஒரு கார் தூக்கி எறிந்தது. தலையில் அடி. சேலத்து ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூச்சுவிடுகிற வேலையைக் கூட மெசின்தான் பார்த்தது.

முதல் பத்து நாள் வெண்ணிலா கணக்கை எல்லாம் மறந்துவிட்டாள். வேண்டாத தெய்வம் இல்லை. கணக்கை ஞாபகப்படுத்தியது ஊர்தான். பார்க்க வருகிறவர்கள் பழத்தை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுவார்கள். அப்புறம் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இந்த வருசக் கணக்கு முப்பத்தொண்ணோட முடியுதுல்லீங்க?" என்பார். கேட்டவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருக்கும். ஆனால் கேட்டது கேட்டதுதான். ஜனவரி பிறந்துவிட்டால் மூன்று வருசத்தில் ஒரு வருசம் பின்னால் கழன்றுவிடும். அந்த வருசத்தில் செத்த இரண்டு பேரும் கணக்கில் இருந்து போய்விடுவார்கள். ஒன்பது ஏழாகிவிடும். செத்தவர்கள் இன்னொரு முறை செத்த மாதிரிதான்.

இருபத்துநாலாம் தேதி பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "நம்பிக்கை ரொம்பக் குறைவும்மா. இங்கேயே வெச்சுப் பார்க்கறதுன்னாலும் பார்க்கலாம். வீட்டுக்குக் கொண்டு போகணும்னாலும் எழுதிக் குடுத்துட்டுக் கொண்டு போகலாம்."

அறிவின் அண்ணன் வேலுசாமி அதற்குள் ஆம்புலன்ஸ்காரரிடமே பேசி முடித்துவிட்டார்.

"எதுக்கு சாமி அவனை இன்னும் குத்திக்கிட்டு?" என்றார் வெண்ணிலாவிடம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மூச்சு இருக்கறப்பவே ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம். நம்ம நடையில போட்டு, வாயில ரெண்டு சொட்டுப் பால் ஊத்தோணும். இங்கியே போயிட்டா அறுத்துத்தான் குடுப்பாங்க. என்ற தம்பியை மூட்டையாட்டத் தெச்சுக் குடுக்கறதை என்னால பாக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம். எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துக் கேட்டாலும் நியாயம். வெண்ணிலாவின் தலை ஆமாம் என்று அசையத்தான் போனது. அப்போது உள்ளுக்குள் ஒரு குரல், அவளுடைய சொந்தக் குரலேதான், கணக்குச் சொன்னது. வீட்டுக்குக் கொண்டு போனால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் ஒன்பது. எப்படியும் போகிற உயிர்தானே, போவதை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மகள் யுவஸ்ரீ நாமக்கல் காலேஜ் விட்டுப் பஸ்ஸில் வந்து சாயங்காலம் சாயங்காலம் மேற்கே இறங்கி இந்த ரோட்டைத்தானே கடக்கிறாள்?

"வேண்டாமுங்க மாமா," என்றாள். "உசுரு இருக்கற வரைக்கும் நான் இங்கிருந்து எடுக்க மாட்டேன்."

"டாக்டரே கையை விரிச்சுட்டாருங்கறேன்."

"விரிக்கட்டுமுங்க. நான் எடுக்க மாட்டேன்."

வேலுசாமி அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். புருசன் மேல் அவளுக்கு இருந்த பாசத்தைப் பார்த்து வெட்கப்பட்டுவிட்டார் மனுசன். அன்று முதல் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பற்றித்தான் பேச்சு. பொண்டாட்டின்னா இப்படி இருக்கோணும் என்று முன்பின் தெரியாதவர்கள் கூடச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. வாயைத் திறந்து மறுக்கவும் முடியவில்லை.

இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. வராந்தாச் சுவரில் ஒரு மருந்துக் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அதைப் பார்க்காத மாதிரி உட்கார்வதற்காக இடம் மாறிப் பார்த்தாள். எங்கே உட்கார்ந்தாலும் தேதி தெரிந்தது. பொன்னாயி ஒரு நாள் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். பழையதைப் பேசவே இல்லை. பிசைந்து உருண்டையாக்கி அவள் கையில் வைத்து, "திண்ணு கண்ணு" என்றாள். பழையதைப் பேசியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

முப்பதாம் தேதி காலை ஒன்பது மணி இருக்கும். நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கண்ணு முழிச்சுட்டாரு! விரலைக் குடுத்தா புடிக்கறாரு. டாக்டர் உங்களை வரச் சொல்றாரு."

இதைத்தான் சொல்லித் தீர வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வெண்ணிலாவின் நெஞ்சில் முதலில் வந்தது சந்தோசம் இல்லை. 'ஐயோ, இன்னும் ஒரு நாள்தானே இருக்குது' என்பதுதான் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அது போய்விட்டது. அதற்குப் பிறகு சந்தோசம் வந்தது, அழுகை வந்தது, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சாமி சாமி என்று கும்பிட்டாள். ஆனால் எது முதலில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களிடம் மறைக்கலாம், தன்னிடம் எங்கே கொண்டுபோய் மறைப்பது?

முப்பத்தொன்றும் போனது, வருசமும் பிறந்தது. நாலாம் தேதி நவநீதகிருஷ்ணன் போன் செய்தார். "சார் நல்லாயிட்டாருன்னு கேள்விப்பட்டேன் மேடம், ரொம்ப சந்தோசமுங்க" என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு விசயத்துக்கு வந்தார். "லிஸ்ட் அனுப்பிட்டமுங்க. உங்க ஊரு ஏறலைங்க. ஒளிரும் பலகை ரெண்டு என்னால வெக்க முடியும். அதை இந்த மாசமே வெச்சுக் குடுத்தர்றேனுங்க."

தை கடைசியில் அறிவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். இருந்தாலும் புத்தி தெளிவாக இருந்தது. வேலுசாமி வந்து கட்டில் ஓரத்தில் நின்று, குலதெய்வத்தைக் கும்பிடுவதுபோல் வெண்ணிலாவைக் கும்பிட்டார். "நான் சொன்னதைக் கேட்டிருந்தீன்னா என்ற தம்பி அன்னிக்கே போயிருப்பான். நீ புடிச்ச புடியிலதான் சாமி பொழச்சான்." ஊரும் அதையேதான் சொன்னது. சுரங்கப்பாதையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் எதிரில் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். தண்ணிக்குழாயடியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அவள் குடத்தோடு வந்தால் வேறு பேச்சுக்கு மாறினார்கள்.

அறிவுக்குப் பதிலாக இப்போது வெண்ணிலா வேலைக்குப் போனாள். மில்லில் பாவம் பார்த்துக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்திருந்தார்கள். தினம் இரண்டு தடவை ரோட்டைக் கடக்க வேண்டும்.

மாசி முதல் வாரம், ஒரு சாயங்காலம். வேலையிலிருந்து வந்து கஞ்சி காய்ச்சி அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாலு வாய் வாங்கியவன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ... என்னை உடலையே அம்முணி. அண்ணன் சொன்னாரு. எல்லாரும் கை கழுவுனப்ப... நீ உடலையே."

யார் யாரோ சொன்னதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்கு இவன் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அப்படிச் சொல்லாதீங்க. நான் உங்களுக்காக அங்க உக்காரலீங்க." நிறுத்தினால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்து, ஒரே மூச்சில் சொன்னாள். "கணக்குக்காக உக்காந்திருந்தேன். அங்கியே போயிட்டா சீட்டுக் கெடைக்கும், பத்தாயிரும்னு உக்காந்திருந்தேன். நீங்க கண்ணு முழிச்சன்னிக்கு... நான் பாவிங்க. என்ற மனசு சந்தோசப்படலீங்க."

அறிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகம் ஒரு பக்கமாகக் கோணி, பழைய கேலிச் சிரிப்பில் பாதி வந்தது.

"அப்ப... என்னாலதான் ஊருக்கு நட்டமா?"

அவள் ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் இடது கையை அவள் தலைமேல் வைத்தான். அழுது ஓயும்வரை எடுக்கவில்லை.

"இப்ப எத்தன?" என்று கேட்டான்.

"ஏழு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தொட்டான்.

"இன்னும் மூணு பேரு," என்றான்.

ரோட்டுப் பக்கமிருந்து ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அறிவின் விரல்கள் நின்றன. திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யுவா... காலேஜ் உட்டு வந்துட்டாளா?"

வெண்ணிலா எழுந்தாள். செருப்பைத் தேட நேரமில்லாமல் வெறுங்காலோடு ரோட்டைப் பார்த்து ஓடினாள்.