காளவாய்ப் பிள்ளை

ஹன்னா டார்ஸ்கில்லுக்கு இடுப்பு இரண்டாக ஒடிந்துவிடும்போல் இருந்தது. விடிந்ததிலிருந்து உறைபனிக்குள் குனிந்து டர்னிப் கிழங்கு பிடுங்கி, தழையும் வேரும் சீவிப் போட்டிருந்தாள். விரல்கள் மரத்துப்போயின. வலியெல்லாம் இடுப்பில் வந்து குடியேறிவிட்டது. வீட்டுக்குப் போய் அடுப்போரம் சாயலாம்தான். ஆனால் மூன்று மணிக்கு ஊர்க்கூடத்தில் டார்ஸ்கில் வம்சத்தார் கூட்டம். சேற்றுப் பூட்ஸோடு அப்படியே நடந்தாள். கூடவே வயலில் நின்ற பெல்லா ஆஸ்க்யூவும் வந்தாள். கூட்டத்துக்கு டீ ஊற்றுவது அவள் வேலை.

"அந்தக் கர்னல் உன் பூட்ஸப் பாத்தா மயக்கம் போட்டு விழுவாரு."

"விழட்டும். எம் பேரன் பேரு அந்த வம்சத் தாள்ல இருக்கான்னு பாக்கணும் எனக்கு."

ஹன்னாவின் மகள் ஈடிக்குக் கல்யாணம் ஆகவில்லை. கையில் ஏழு வாரப் பிள்ளை. பேர் இல்லாத பிள்ளையை வளர்க்க மாட்டேன், திங்கட்கிழமை அநாதை இல்லத்தில் விட்டுவிடுவேன் என்று அழுதுகொண்டிருந்தாள். இப்போதும் கூடத்தின் கடைசி பெஞ்சில், சால்வைக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு, கதவோரமாக உட்கார்ந்திருந்தாள்.

சுவரில் இங்கிலாந்து வரைபடம். டார்ஸ்கில் என்ற பேர் உலகத்திலேயே முப்பத்தேழு பேருக்குத்தான் என்றார் தெற்கிலிருந்து வந்த கர்னல் டார்ஸ்கில். ஆளுக்கொரு ஊசி. இந்தப் பள்ளத்தாக்கில் இருபத்தொன்பது, கப்பல் கட்டும் பாரோ ஊரில் ஐந்து, கர்னல் வீட்டில் மூன்று. பக்கத்தில் வம்சத் தாள். உச்சியில் பிரான்சிலிருந்து படையெடுத்த மன்னனோடு வந்த குதிரைவீரன் ஒருவன், வாளும் கேடயமுமாக. அதை அப்படியே கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் பதிக்கப்போகிறார்களாம்.

ஹன்னா தாளில் விரலை ஓட்டினாள். ஈடி இருந்தாள். அவளுக்குக் கீழே வெறும் இடம்.

"எம் பேரன் எங்க?"

"அம்மா, தகப்பன் பேர் தெரியாத பிள்ளைய வம்சத்துல சேக்கிறதில்ல," என்றார் கர்னல், மரியாதை குறையாமல். "ஒரு வீரனோட ரத்தம் இது."

கடைசி பெஞ்சில் ஈடி எழுந்து கதவைப் பிடித்தாள்.

"உக்காருடி!" என்றாள் ஹன்னா திரும்பாமலே. "ஐயா, கோயிலோட பழைய ஞானஸ்நானப் பதிவேட்டுல நம்ம பேர் மொதல்ல வர்ற பக்கத்தப் படிக்கச் சொல்லி நீங்கதான் ஏற்பாடு பண்ணீங்க. படிக்கச் சொல்லுங்க."

"டீக்கு அப்புறம்."

"இப்பவே."

கர்னல் அந்தப் பக்கத்தைப் பார்த்தவரில்லை. லண்டனில் காசு கொடுத்து எழுதி வாங்கிய வம்சம் அது. கோயிலைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைக்கும் ஹன்னா பார்த்திருந்தாள். காட்டியது பதிவேட்டைக் காக்கும் கோயில்பிள்ளை ஐசக் டைசன். அவர் இப்போது கண்ணாடியைத் துடைத்தார், இருமினார், மறுபடி துடைத்தார். கோயிலுக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகக் கர்னல் சொல்லியிருந்தார்.

"ஐசக், கூரை ஒழுகினா வாளி நான் வைக்கிறேன். நீங்க படிங்க."

ஐசக் படித்தார்.

"ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று, டிசம்பர் ஒன்பது. டார்ஸ்கில் சுண்ணாம்புக் காளவாயின் வாயில் கிடந்த ஆண் குழந்தை. தாய் தகப்பன் தெரியவில்லை. கண்டெடுத்த இடத்தின் பேரையே வைத்து, தாமஸ் டார்ஸ்கில் என்று ஞானஸ்நானம் தரப்பட்டது. பால் கொடுத்தவள், கல்லுடைப்பவன் மனைவி மார்ஜரி ஆஸ்க்யூ. பதினான்கு மாதம். அவளுக்கு ஒன்றும் தரப்படவில்லை." பதிவேட்டை மூடாமல் சொன்னார்: "இதுக்கு முந்தி இந்தப் பேர் எந்த மனுஷனுக்கும் இல்ல."

பாரோவிலிருந்து வந்த ஒருவன் சிரித்துவிட்டான். "அப்போ குதிரைவீரன் காளவாய்ல சுண்ணாம்பு வேக வச்சுக்கிட்டு இருந்தாரா?"

கர்னலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "இது வேற டார்ஸ்கில்லா இருக்கலாம்..."

"முப்பத்தேழு பேருக்கு எத்தன டார்ஸ்கில்? அந்தப் பிள்ளைக்குத் தகப்பனும் இல்ல, தாயும் இல்ல. எம் பேரனுக்குத் தாயாவது இருக்கா, அதோ உக்காந்திருக்கா. அவன் சேர மாட்டான்னா நீங்களும் சேர மாட்டீங்க, ஐயா. உங்க வாளையும் கேடயத்தையும் நீங்களே வச்சுக்குங்க."

மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். விரல் வளையவில்லை, முஷ்டியில் பிடித்துத்தான் எழுதினாள். வீரன்மேல் குறுக்கே ஒரு கோடு. மேலே, தாமஸ், காளவாய். ஈடிக்குக் கீழே, வில்பிரட் டார்ஸ்கில். பிறகு தன் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிப் பள்ளத்தாக்கில் குத்தினாள். முப்பத்தெட்டு.

யாரும் தடுக்கவில்லை. ஈடி கதவை விட்டு நடந்து வந்து முன்வரிசையில், கர்னல் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள். சால்வையை விலக்கினாள்.

டீ கெட்டிலோடு நின்ற பெல்லா இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டி ஹன்னா, அந்த மார்ஜரி எங்க வம்சத்துப் பொம்பள. அப்போ நீங்க அத்தன பேரும் எங்களுக்குக் கடன்பட்டவங்களா?"

"ஆமாண்டி," என்றாள் ஹன்னா. "அதையும் கல்லுல வெட்டச் சொல்றேன்."

கோயில் சுவரில் பதித்த கல்லில் கடைசி வரி இப்படி இருக்கிறது: "டார்ஸ்கில் வீட்டார் ஆஸ்க்யூ வீட்டாருக்கு இன்றுவரை தீர்க்காத கடன், பதினான்கு மாதத்துத் தாய்ப்பால்."