வெயில் தின்ற கறுப்பு

தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டுவிட்டு இருளப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம வண்டி இல்ல, புள்ள," என்றார்.

லயத்து வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி இராஜம் நிமிர்ந்து பார்த்தாள். "பின்ன யாரு வண்டியாம்?"

"நம்ம வண்டிக்கு முன்னும் பின்னும் பஃபர் நல்ல கறுப்பு. இதப் பாரு, சாம்பல் பூசின மாதிரி இருக்கு. கதவுப் பட்டி, கண்ணாடிக் கூடு எல்லாம் சாம்பல்."

இருளப்பன் வாடகைக்கு ஓட்டிய வெள்ளை நிறச் சிறிய கார் அது. தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளும் காய்ச்சல்காரர்களும் கலியாணப் பெண்களும் அதில்தான் அவிசாவளைக்குப் போய் வந்தார்கள். பிறகு இருளப்பனின் கண்களில் புரை விழுந்தது. எதிரே வரும் பஸ் பாலாடைக்குள்ளிருந்து வருவதுபோலத் தெரிந்த நாளில் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து வண்டி லயத்துக்கு முன்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. யாரோ இரக்கப்பட்டுத் தார்ப்பாய் கொடுத்ததே போன மழைக்காலத்தில்தான்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குனியக்கூடாது, தூசு படக்கூடாது என்று சொல்லியிருந்த கெடு அன்றோடு தீர்ந்தது. இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. அதில் புரை அப்படியே இருந்தது.

"உங்க கண்ணுலதான் கோளாறுன்னு நீங்க நெனச்சீங்க," என்றாள் இராஜம். "வண்டியும் நீங்க பாக்காத நேரத்துல நரைச்சிருச்சு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கட்டுப் பிரித்த நாளில் மழை. அவள் தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் இருட்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இப்போதுதான் காலை வெயிலில் அவள் தலை முழுதாகத் தெரிந்தது. நெற்றியிலிருந்து கொண்டை வரை வெள்ளை.

அவர் சமையலறைக்குள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மத்தியானம் பஃபர் பளபளத்தது. துணியில் எண்ணெயைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க சாம்பலுக்கு அடியிலிருந்து கறுப்பு எழுந்து வந்தது. இருளப்பன் சற்றுத் தள்ளி நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு மாதமாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும்போதெல்லாம் அவருக்கு இதுதான் விளையாட்டு. வலது கண்ணில் எல்லாம் கழுவி வைத்தது போல. வானம் நீலமாக, வெள்ளைச் சுவர் லேசான நீலம் கலந்து. இடது கண்ணில் எல்லாமே தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்தது போல. றப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விட்டிருந்த மாதம் அது. வலது கண்ணுக்குத் தளிர் செம்பு நிறம். இடது கண்ணுக்கு முழுத் தோட்டமும் பொன்னில் மிதந்தது. அந்தப் பொன்னை இழக்க அவருக்கு மனமில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் மழை வந்தது. விடிந்து பார்த்தால் பஃபரில் வரிவரியாக எண்ணெய் வழிந்து, அதில் தூசு அப்பி, எறும்பு வேறு ஊர்ந்தது. முந்தின நாளைவிட அசிங்கமாக இருந்தது.

இராஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வண்டிக்குத் தல சீவி விட்ட மாதிரி இருக்கு."

இருளப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறித் தெஹியோவிட்டைக்குப் போனார். கடைத்தெருவில் பயாஸ் வாகனச் சாமான் கடை வைத்திருந்தான். பழைய பழக்கம்.

"எண்ணெய் மேலால நிக்கும் அண்ணே, மழைக்கு ஓடிரும்," என்றான் பயாஸ். "இதுக்குன்னே ஒரு மருந்து இருக்கு. ஆனா அதப் பூசுறதுக்கு முன்னுக்கு நல்லாக் கழுவோணும். முந்தி பூசின பொலிஷ் எல்லாம் அந்தச் சொரசொரப்புக்குள்ள வெள்ளையா அடஞ்சிருக்கும். பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ங்க. காஞ்சதுக்குப் பொறகு பூசுங்க. அன்டைக்கு மட்டும் தண்ணி படக்கூடாது."

"அன்னைக்கு மழ பேஞ்சா?"

"அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல," என்று சிரித்தபடி சின்னப் போத்தலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

அந்தப் பக்கத்தில் மழை பெய்யாத சாயங்காலத்துக்குக் காத்திருப்பதென்றால் லேசில்லை. காலையில் வெயில் எரிக்கும், தேத்தண்ணி நேரத்தில் மலை முழங்கும். ஒரு வாரம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வானம் துடைத்த மாதிரி இருந்தது. இருளப்பன் வாளியில் தண்ணீர் பிடித்து, சவர்க்காரத்தைக் கரைத்தார்.

பல் பிரஷ்ஷால் தேய்ப்பது நிதானமான வேலை. பிளாஸ்டிக்கின் நுண்ணிய பள்ளங்களுக்குள்ளிருந்து வெள்ளையாக நுரை வந்தது. துடைத்தால் திரும்பவும் வந்தது. அவர் முன் பஃபரில் இருந்தபோது, பின்பக்கமும் அதே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். இராஜம் ஒரு பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஒரு கண்ண வச்சுக்கிட்டு இது பொழுதுக்குள்ள முடியுமா?" என்றாள்.

கதவுப் பட்டிகளுக்கு வந்தபோது வண்டிக்கு இருபக்கமும் ஆளுக்கொருவராக இருந்தார்கள். நடுவில் இரண்டு கதவுக் கண்ணாடிகள். அவற்றில் றப்பர் மரங்கள் நிழலாடின. அவற்றினூடாக இராஜத்தின் முகம் வந்து வந்து போனது. இருளப்பன் வலது கண்ணை மூடினார். அவள் பொன்னாக இருந்தாள், வயசு தெரியாமல். இடது கண்ணை மூடினார். ஒவ்வொரு மயிரும், கண்ணோரத்து ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

"என்னா கண்ணடிக்கிறீங்க?" என்றாள் கண்ணாடிக்கு அப்பாலிருந்து.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தலைக்கு மை பூசுறத எப்ப விட்ட?"

"நீங்க பாக்கல. பின்ன யாருக்குப் பூசுறது?"

அவர் பிரஷ்ஷை வாளியில் முக்கியெடுத்தார்.

"இப்ப பாக்குறேனே," என்றார்.

"எந்தக் கண்ணுல நான் நல்லா இருக்கேன்?"

இடது கண்ணில் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்தக் கண்ணில் தெரிவது வருஷக்கணக்காக அவர் மனசில் வைத்திருந்த முகம். இங்கே முழங்கை வரை நுரையோடு உட்கார்ந்திருப்பது வேறொருத்தி. இந்த ஒருத்தியோடு அவர் இன்னும் சரியாகப் பழகவில்லை என்று தோன்றியது.

"வலதுல," என்றார். "அதுலதான் நீ சிரிக்கிறது தெரியிது."

கழுவிய பிளாஸ்டிக் காய்ந்து வெளிறிப்போய் நின்றது. பிறகு பஞ்சில் மருந்தை ஊற்றிப் பூசினார்கள். எண்ணெய் மாதிரி மினுக்கவில்லை. மெதுவாக உள்ளே இறங்கி, மழை நனைத்த மரப்பட்டையின் கறுப்பாக, அமைதியாக ஊறியது. பஃபர், கதவுப் பட்டி, கண்ணாடிக் கூடு எல்லாம் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கடைசியில் வெள்ளைக் கார், மை தீட்டிய முகம்போல நின்றது.

அப்போதுதான் மலைக்குப் பின்னால் இடி முழங்கியது.

"ஐயோ, தண்ணி படக்கூடாதே! தார்ப்பாயப் போட்டா மருந்து ஒட்டிக்கிட்டு வந்துரும்!" என்றாள் இராஜம்.

பற்றரி செத்துப் பல நாள். ஆனால் லயத்திலிருந்து றப்பர் பால் நிறுக்கும் கொட்டில்வரை பாதை சரிவு. கொட்டிலுக்கு அகலமான தகரக் கூரை. ஓடையில் உடுப்புத் துவைத்துவிட்டு வந்துகொண்டிருந்த லயத்தின் பக்கத்துக் காம்பறாவில் குடியிருக்கும் விஜயகலாவையும் அவளோடு வந்த இரண்டு பெண்களையும் இராஜம் கூவி அழைத்தாள். இருளப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார்.

"மாமா, ஒரு கண்ணுதானே தெரியிது?" என்றாள் விஜயகலா.

"ஒரு கண்ணு போதும், நேரா ஒரு பாததானே. தள்ளு!"

"பஃபர்ல கை வைக்காதீங்கடி! பின்பக்கக் கண்ணாடியில வச்சுத் தள்ளுங்க!" என்று இராஜம் கத்தினாள்.

பாதி காற்றுப்போன டயர்கள் முனகிக்கொண்டே அசைந்தன. பிறகு சரிவு வண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டது. எஞ்சின் சத்தமே இல்லாமல் கார் மரங்களுக்கு நடுவே இறங்கியது. தளிர்கள் முன்கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போயின. பெண்கள் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பாதை தன்னை நோக்கி வருவதை அவர் பார்த்தார். கொட்டிலுக்குள் நுழைந்து பிரேக்கை மிதித்ததும் மழை தகரத்தில் கொட்டியது.

இராஜம் மூச்சு வாங்க வந்து, பின்கதவில் கை வைத்தாள்.

"முன்னால வா," என்றார் அவர்.

அவள் தயங்கினாள். முன்சீட்டு எப்போதும் வாடகைக்கு வருகிறவர்களுக்கு. அவள் ஏறியதெல்லாம் பின்னால், பைகளோடும் கோழிகளோடும். சேலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கொட்டிலைச் சுற்றி மழை திரைபோல விழுந்து, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"எங்க போறோம்?" என்றாள்.

"நீ சொல்லு."

"ரம்புக்கனைக்கு. ரயிலு மலை ஏறுறதப் பாக்கணும்னு எத்தன நாளா சொல்றேன்."

"ஹரி, போவோம். இப்ப கரவனெல்ல வந்தாச்சு. பாலம். கீழ பாரு, ஆத்துல கலங்கல் தண்ணி." நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை அவர் லேசாகத் திருப்பினார். "புலத்கொஹுபிட்டிய பக்கம் வளைவு ஜாஸ்தி, கெட்டியாப் புடிச்சுக்க."

அவள் உண்மையிலேயே கதவைப் பிடித்துக்கொண்டாள். மழை எந்தப் பக்கம் போனாலும் கூடவே வந்தது. கேகாலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தலாம் என்றாள். நிறுத்தினார்கள்.

"நெசமா எப்ப போவோம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு கண்ணும் சரியானாத்தான் லைசன் தருவாங்க." அவர் வலது கண்ணை ஒரு தடவை மூடி, அவளைப் பார்த்துவிட்டுத் திறந்தார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி மத்தக் கண்ணுக்கு நாள் வாங்கிட்டு வருவோம்."

அவள் அவர் கைமேல் கை வைத்தாள். இருவர் விரல்களும் மருந்துக் கறுப்பாக இருந்தன.

கொட்டிலின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற விஜயகலா கண்ணாடியில் தட்டினாள். "மாமா, அத்த, எங்கள விட்டுட்டு எங்க போறீங்க?"

இராஜம் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "ரம்புக்கனைக்கு. பின்னால எடம் இருக்கு, ஏறுங்க. காலத் தொடச்சிட்டு ஏறுங்கடி."