தேன்கூடு வெட்டியவன்

துருசுபெக் ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தால் பதினைந்து நிமிஷம்தான். அதற்குள் தேன்கூட்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் வெறும் குழாயைப் பற்றவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் அவனைவிட வேகமாக இந்த வேலையைச் செய்கிறவன் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். மற்றவர்களும் சொன்னார்கள், பொய் சொல்வானேன்.

தேன்கூடு என்றால் நிஜத் தேன்கூடு இல்லை. எஞ்சினிலிருந்து சைலன்ஸருக்குப் போகிற வழியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் கண்கண்ணாகத் துளைபோட்ட பீங்கான் ஒன்று. புகையில் இருக்கிற விஷத்தை முறித்து வெளியே அனுப்புவது அதன் வேலை. படித்தவர்கள் கேட்டலிஸ்ட் என்பார்கள், கடைக்காரர்கள் தேன்கூடு என்பார்கள். அதில் பூசியிருக்கிற பொடிக்குத் தங்கத்தின் மதிப்பு. அது போதாதா நம் ஆட்களுக்கு! ஜப்பானிலிருந்து பழைய வண்டி வந்து இறங்கினால், டயரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, நேராக துருசுபெக்கிடம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"உஸ்தா, இது வண்டியோட கழுத்தை நெரிக்குதாமே? எடுத்துப் போட்டுடு."

"ஆமா, நெரிக்கும். நம்ம ஊர் பெட்ரோலுக்கு எப்படியும் அடைச்சுக்கும். இப்பவே எடுத்துட்டா நல்லது" என்பான் துருசுபெக். உஸ்தா என்றால் கைதேர்ந்த மெக்கானிக். வெட்டிய கூட்டை வாங்கிப்போக வாரம் ஒருமுறை ஓர் ஆள் வருவான். பன்னிரண்டு வருஷமாக இப்படியே ஓடியது.

இப்போது அவன் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மேரிமுக்கு எட்டு வயசு. தாய் மாஸ்கோவில் தையல் வேலைக்குப் போய் மூன்று வருஷம். குறை மாசத்தில் பிறந்த பிள்ளை, நெஞ்சு பலவீனம். நவம்பர் பிறந்து ஊர்மேல் புகை இறங்கியதும் மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். போன குளிர்காலத்தில் உதடு நீலம் பூத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். "அடுத்த குளிர்காலத்தை ஒழுங்கா தாண்டிட்டா வளர வளரச் சரியாயிடும். இன்னொரு தடவை அப்படி வந்தா நான் எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து துருசுபெக்குக்கு வேறு நினைப்பே கிடையாது. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான். காற்றைச் சுத்தம்செய்யும் மிஷின் வாங்கி அவள் கட்டிலோரம் வைத்தான். காலையில் எழுந்ததும் போனில் காற்றின் கணக்கைப் பார்ப்பான். சிவப்பு என்றால் பள்ளிக்கூடம் இல்லை. "எல்லாம் இந்த அடுப்புக்கரிப் புகை. மேட்டுல புதுசா வீடு கட்டினவனெல்லாம் குப்பையையும் கரியையும் கொளுத்துறான். என் புள்ளை சாகுது" என்று திட்டுவான். கரிப்புகையும் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் தொழிலைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தில் புதுச் சட்டம் வந்தது. வருஷாந்திரச் சோதனையில் இனிமேல் புகைக்குழாயில் ஒரு கம்பியை விட்டுப் புகையின் விஷத்தை அளப்பார்களாம். தேறாத வண்டிக்கு நம்பர் பலகையைக் கழற்றிவிடுவார்களாம்.

அவன் தங்கை சைரா அதே முற்றத்தில் எதிர்வீட்டில் இருப்பவள். ரொட்டிக்கடையில் வேலை. அவன் கடையில் இருக்கும்போது மேரிமுக்கு மூச்சு இழுத்தால் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அவளுடைய வண்டிதான்.

"பைகே, என் வண்டி தேறுமா? நீதானே எதையோ வெட்டின?"

"அண்ணன் இருக்கும்போது உனக்கென்னடி கவலை?" என்றான். சென்சாருக்குள் ஒரு சின்ன இரும்புக் குமிழைச் செருகினான். வண்டியின் கம்ப்யூட்டர் கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலை அது. பெட்ரோல் டேங்கில் ஏதோ ஒரு மருந்தையும் ஊற்றினான். "நல்லா சூடாக்கிட்டு உள்ள ஓட்டு. நான் பின்னாலேயே வர்றேன்" என்றான்.

சோதனை நிலையத்து வாசலில் இருபது வண்டி நின்றது. வரிசையில் பாதிப் பேர் அவனுடைய வாடிக்கைக்காரர்கள். "சலாம் உஸ்தா! உஸ்தாவே வந்துட்டார், இனி பயமில்ல!" என்று கையைக் குலுக்கினார்கள். குளிர் சைபருக்குக் கீழே பதினெட்டு டிகிரி. எங்கள் ஊர் வழக்கப்படி ஒருவனும் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று ஒரு பயம், அப்பன் காலத்துப் பழக்கம். துருசுபெக்கும் தன் வண்டியில் சாவியை அப்படியே விட்டு, எஞ்சின் உறும, கீழே இறங்கி நின்றான். வாசலே புகைக்காடு.

அளக்கிறவன் பெயர் அஷிர்பெக். பருத்த ஆள், வாய் கொஞ்சம் நீளம். சைராவின் வண்டியில் கம்பியை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"அக்கா, இது வண்டியா இல்ல வெந்நீர் அடுப்பா? தந்தூரில ரொட்டி சுடலாம் போலிருக்கே!"

வரிசை சிரித்தது. சைராவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓர் ஆள் வந்து நம்பர் பலகையைக் கழற்ற ஆரம்பித்தான். அடுத்த வண்டியும் தோற்றது. அதற்கடுத்ததும். நான்காவதாக வந்தவன் டாக்ஸி ஓட்டுகிற ஜூமாகாஸி. அவன் வண்டியும் தோற்றதும் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மிஷின்ல கோளாறு! ஊர்ல ஒரு வண்டிகூடவா நல்ல வண்டி இல்ல?"

"மிஷின்ல கோளாறா?" அஷிர்பெக் இடுப்பில் கை வைத்தான். "சரி. உஸ்தா, உன் வண்டியைக் கொண்டா. ஊருக்கே வைத்தியன் நீ. உன் வண்டியும் தோத்துட்டா இந்த மிஷினை நானே தூக்கிக் கால்வாயில போடறேன்."

"கொண்டா உஸ்தா! நம்ம மானத்தைக் காப்பாத்து!"

"என்னோடதுக்கு இன்னும் தேதி வரல" என்றான் துருசுபெக். "வேலை கிடக்கு, நான் கிளம்பறேன்."

அவன் திரும்புவதற்குள் ஜூமாகாஸி அவன் வண்டிக்குள் ஏறிவிட்டான். சாவிதான் உள்ளேயே இருக்கிறதே, எஞ்சின்தான் ஓடிக்கொண்டே இருக்கிறதே! ஒரே மிதி, வண்டி சோதனைத் தடத்தில் போய் நின்றது. துருசுபெக் ஓடிவந்து கதவைப் பிடித்தான். அதற்குள் அஷிர்பெக் கம்பியை விட்டாகிவிட்டது.

திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்து சைபருக்குப் பக்கத்தில் நின்றது.

முதலில் எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். "சபாஷ் உஸ்தா!" என்றான் ஒருவன். பிறகு கூச்சல் அடங்கியது. ஜூமாகாஸி பனியில் முழங்கால் போட்டு, போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் அடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கூடு இருக்கு" என்றான். "கம்பெனியில வச்சது அப்படியே இருக்கு."

"உஸ்தா," என்றான் எழுந்து, மெதுவாக, "கழுத்தை நெரிக்கும்னு சொன்னியே?"

யாராவது ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது துருசுபெக்குக்கு. ஒருவரும் அடிக்கவில்லை. விலகி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். நம்பர் பலகை இல்லாத தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு சைரா வந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி வழியில் அவனே ஆரம்பித்தான்.

"மேரிமுக்காகத்தான் சைரா. அவ ஏறுற வண்டியாச்சே. விஷத்தைக் கக்குற வண்டியில என் புள்ளைய ஏத்த மனசு வரல. வாங்கின அன்னிக்கே அடியில படுத்தேன். கட்டரைக் கையில எடுத்தேன். முடியல."

"அப்போ அது விஷம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என் வண்டியில வெட்டின?"

"எல்லாரும் வெட்டினாங்கடி. நான் வெட்டலேன்னா பக்கத்துக் கடைக்காரன் வெட்டுவான்."

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா பைகே?" சைராவின் குரல் உடைந்தது. "வண்டிப் புகை உள்ள உக்காந்திருக்கவனுக்கா வருது? பின்னால நிக்கிறவனுக்குத்தானே வருது! உன் வண்டிப் புகையையா உன் பொண்ணு குடிக்கிறா? என் வண்டிப் புகையைக் குடிக்கிறா. ஜூமாகாஸி வண்டிப் புகையைக் குடிக்கிறா. நீ வெட்டின அத்தனை வண்டிப் புகையையும் அவதான் குடிக்கிறா. உன் ஒரு கூட்டை வச்சு ஊரான் புள்ளையைக் காப்பாத்தின. உன் புள்ளைக்கு என்ன செஞ்ச?"

அவன் வண்டியை ஓரம்கட்டினான். பன்னிரண்டு வருஷம் புகைக்குழாய்க்கு அடியில் கிடந்தவனுக்குப் புகை எந்தப் பக்கம் போகும் என்று தங்கை சொல்லித் தரவேண்டியிருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தப் பூனைக்காவது கண்ணை மூடியது தெரியும்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா," என்றாள் சைரா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாசல்ல கூடாரம் போடுவாங்க. அதுக்குள்ள சுவத்தைப் பாத்து உக்காந்து ஒப்பாரி பாடவேண்டியவ நான். கூடப்பொறந்தவ, வேற யாரு பாடுவா? இருக்கறதைச் சொல்லித்தான் பாடணும். என்னன்னு சொல்லிப் பாடட்டும்? நீயே சொல்லு."

அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். சைரா தடுக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி. அவர்கள் வீடு கீழ்த்தளம், நாலுமுனைச் சந்திப்பைப் பார்த்த ஜன்னல். வேலை முடிந்து ஊரே வீடு திரும்புகிற நேரம், சிக்னலில் வண்டிகள் மூன்று வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. கட்டிலில் மேரிம் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போது தோள் இரண்டும் ஏறி இறங்கின. மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, இன்னிக்குக் காத்து எவ்வளவு?"

"பாக்கல கண்ணு."

அவன் ஜன்னலோரம் நின்றான். டேப் ஒட்டிய கண்ணாடி வழியாகவும் சத்தம் வரத்தான் செய்தது. கூடு இருக்கிற வண்டிக்கு ஒரு சத்தம், வெறும் குழாய்க்கு ஒரு சத்தம்; அது பொள்ளலாக, தகரத்துக்குள் இருமுவதுபோல இருக்கும். வேறு யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும். முதல் வண்டி, அவன் வெட்டியது. அதற்குப் பின்னால் இருப்பதும் அவன் வெட்டியதுதான், பற்றவைப்பு மூலையில் கொஞ்சம் கசிகிறது, அவசரத்தில் செய்த வேலை. நடு வரிசையில் வெள்ளை வண்டி. போன மே மாசம். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. ஐயோ, எத்தனை! மகளின் மூச்சும் வண்டிகளின் மூச்சும் ஒன்றாகக் காதில் விழ, அவனால் அங்கே நிற்க முடியவில்லை. "சைரா, இவளைப் பாத்துக்க" என்று அடுக்களைப் பக்கம் கத்திவிட்டு, வீட்டுச் செருப்போடு, மேல்கோட்டுகூட இல்லாமல் தெருவில் இறங்கினான்.

முதல் வண்டியின் கண்ணாடியைத் தட்டினான். உள்ளே ஓர் இளைஞன் காதில் போனோடு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை நாலு விரல் இறக்கினான்.

"தம்பி, நான் துருசுபெக். உன் வண்டியில கூட்டை வெட்டினது நான்தான். நாளைக்குக் கடைக்கு வா. புதுக் கூடு வரவழைச்சு நானே வச்சுத் தர்றேன். நீ எதுவும் தர வேண்டாம்."

"எதுக்கு உஸ்தா? வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடல தம்பி. என் பொண்ணு அந்த ஜன்னல்ல இருக்கா. அவளால மூச்சு விட முடியல. சிக்னல் விழற வரைக்கும் எஞ்சினையாவது அணை. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"இந்தக் குளிர்லயா? அப்புறம் ஸ்டார்ட் ஆகலேன்னா நீங்களா தள்ளுவீங்க?" பையன் கெட்டவன் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "வேணும்னா வசந்தத்துல பாத்துக்கலாம் உஸ்தா."

பச்சை விழுந்தது. ஒரே மிதியில் வண்டி பாய்ந்து போனது. கருநீலப் புகை நேராக முகத்தில் அடித்தது. துருசுபெக்குக்கு இருமல் வந்தது, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். மறுபடி சிவப்பு விழுந்து அடுத்த வரிசை வந்து நின்றதும், நிமிர்ந்து, போன மே மாசத்து வெள்ளை வண்டியின் கண்ணாடியைத் தட்டினான்.

ஓட்டி வந்தவள் நடுத்தர வயசுப் பெண், வாடிக்கைக்காரி. அவனைப் பார்த்ததும் பதறிக் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன உஸ்தா இது, இந்தக் குளிர்ல கோட்டுகூட இல்லாம? எப்படி இருமுறீங்க பாருங்க! முதல்ல வீட்டுக்குள்ள போங்க" என்றாள் அந்தப் புண்ணியவதி, உண்மையான அக்கறையோடு. "வெளியில நிக்காதீங்க. காத்து நல்லா இல்ல."