மான்குர்த்துக்குப் போகிற குழாய்

குழாய்கள் வந்து இறங்கிய அன்று அந்தச் சந்தே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பிப்ரவரி மாதம். தாராவியின் அந்த மூலைக்கு அவ்வளவு பெரிய லாரி வந்து யாரும் பார்த்ததில்லை. கூலியாட்கள் பலகை சாய்த்து, வடம் கட்டி, கூச்சல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குழாயாக உருட்டி இறக்கினார்கள். இரும்புக் குழாய். குனிந்தால் ஒரு ஆள் உள்ளே நடந்து போகலாம், அத்தனை அகலம்.

பக்கத்து வீட்டு முகைதீன் பெல்ட் தைக்கிறவன். நாலு இடத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறவன் என்பதால் உலகம் தெரிந்தவன் என்று பெயர். அவன்தான் முதலில் சொன்னான்: "தண்ணி பைப்பு. இனி தோல் ஷாப்பு வாச்மேன்கிட்ட யாரும் கெஞ்ச வேண்டாம்."

அந்தச் சந்தில் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. தோல் பதனிடும் ஷாப்பின் பின்பக்கக் குழாயில் வாச்மேன் மனசு வைத்தால் பிடிக்கலாம். அதனால் பெண்கள் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம். முகைதீனின் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப் போயிருந்தது. மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள்கூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

சேசம்மாளும் சிரித்தாள். கடைசிக் குழாயை அவள் வீட்டு வாசலுக்கு நேர் குறுக்கே கொண்டுவந்து கிடத்தும்வரைதான் அந்தச் சிரிப்பு.

அவள் கொஞ்சம் பூசின உடம்புக்காரி. கதவுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் விட்டிருந்தார்கள். அவள் புருஷன் இன்னாசிமுத்து ஒல்லி, சட்டென்று நுழைந்து வேலைக்குப் போய்விடுவான். அவள் வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து வெளியே வரவேண்டும். மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "நாலு நாள்தாம்மா, தோண்ட ஆரம்பிச்சதும் எடுத்துருவோம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போனான்.

நாலு நாள் போயிற்று. ஈஸ்டரும் போயிற்று. மே மாதம் வந்தபோது குழாய் அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. ஒருநாள் அவசரத்தில் சேசம்மாளின் முழங்கை பட்டுத் தோல் வழன்றுவிட்டது. தோண்டுகிறவர்களைக் காணோம்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கான்ட்ராக்டர் ஓடிவிட்டான் என்றான் முகைதீன். ரோடு போடப் போகிறார்கள், சந்து முழுவதையும் இடிப்பார்கள், அதற்கு அடையாளம்தான் இது என்றார் டீக்கடைக்காரர். "எலெக்ஷன் வருதுல்லா, அதுவரைக்கும் கண்காட்சிக்கு வச்சிருக்கான்" என்றான் இன்னாசிமுத்து. எல்லாமே சரியாகத்தான் பட்டது சேசம்மாளுக்கு. எல்லாமே எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் விளங்கவில்லை.

அவள் மாட்டுங்காவில் விஜயலக்ஷ்மி அம்மாள் வீட்டில் வேலை பார்த்தாள். விஜயலக்ஷ்மியின் கணவர் ரயில்வே ஆபீஸில் இருந்து காலமானவர். பிள்ளைகள் இல்லை. ஒருநாள் புளி கொட்டை நீக்கிக்கொண்டே அந்த அம்மாள் தற்செயலாகச் சொன்னாள்:

"இந்த மாசம் வட்டி வரணும். முனிசிபாலிட்டிக்கு நான் கடன் குடுத்திருக்கேனோல்லியோ."

சேசம்மாள் துணி பிழிவதை நிறுத்தினாள். "முனிசிபாலிட்டிக்கா? நீங்களா?"

"நான் மட்டுமா? எத்தனையோ பேர். அவர் போனப்போ வந்த பணத்தை அதுல போட்டுடுன்னு எங்கண்ணா சொன்னார். தண்ணிக் குழாய் போடறதுக்கு வாங்கறான்னு அப்போ பேப்பர்ல வந்திருந்தது."

வீட்டுக்கு நடந்து போகும்போது சேசம்மாள் அதையே போட்டு உருட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"அம்மா, கோவிச்சுக்கிடக் கூடாது. உங்க குழாயக் கொஞ்சம் நகட்டிப் போடச் சொல்லுங்க."

"என் குழாயா?"

"எங்க வீட்டு வாசல்ல கிடக்குல்லா, அது. உங்க பணத்துல வாங்குனதுதான. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ."

விஜயலக்ஷ்மி முதலில் சிரித்தாள். பிறகு சேசம்மாளின் முழங்கைக் காயத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. பணத்தைக் கொடுத்து இத்தனை வருஷமாகிறது. அது என்னவாக ஆயிற்று என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. வட்டி வரும், ரேடியோவுக்கு வால்வு மாற்றலாம், கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு மறுபக்கம் இரும்பாக ஏதோ ஒன்று எங்கோ கிடக்கும் என்று யார் நினைத்தது?

"எனக்கு அதைப் பார்க்கணும்டி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கஜப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சந்துக்குள் வந்தாள். குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். "இவ்வளவு பெரிசா!" என்றாள். ஷரீஃபுன்னிசா சேசம்மாளின் காதைக் கடித்தாள்: "யக்கா, இந்தம்மாவா முதலாளி?" சேசம்மாளுக்கு ஆமென்று சொல்வதா இல்லையென்று சொல்வதா என்று தெரியவில்லை.

மறுவாரம் இருவரும் தண்ணீர் இலாகா ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே படம் வரைகிற வேலையில் இருந்த ஞானசீலன், சேசம்மாள் போகிற மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். தங்கமான மனுஷன். இருவரையும் உட்கார வைத்து, மேஜையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார்.

"இதான் யக்கா உங்க சந்து. இது வழியாப் போயி, இப்படி செம்பூரு, தேவ்நார், மான்குர்த். அங்கதான் இந்தத் தண்ணி போகுது."

"எங்களுக்கில்லியா?"

"உங்க வழியாப் போகுது."

"மான்குர்த்துல ஆளு யாரு இருக்கா தம்பி? உப்பளமும் சேறும்லா கிடக்கு."

"இப்ப கொஞ்சப் பேருதான். பத்து இருபது வருஷத்துல நிறைய வந்துருவாங்க."

"இருக்கிறவளுக்குத் தண்ணி இல்ல. வராதவனுக்குத் தண்ணியா?"

ஞானசீலன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யக்கா, நீங்கள்லாம் மொதல்ல வந்துட்டீங்க, குழாய் பின்னால வருது. அதான் இந்தப் பாடு. அங்க வரப்போறவங்களுக்காவது குழாய் மொதல்ல போகட்டுமேன்னு திட்டம் போட்டிருக்காங்க. இது தப்பா?"

தப்பில்லை என்றுதான் சேசம்மாளுக்குப் பட்டது. அதனால் இன்னும் குழப்பமாயிற்று. தப்பு என்றால் சண்டை போடலாம்.

"சரி, வாங்குன குழாய ஏன் சும்மா போட்டிருக்காவ?"

"வாங்குறதுக்கு ஒதுக்குன பணம் போன வருஷத்துப் பணம். மார்ச்சுக்குள்ள செலவழிக்கலன்னா திரும்பப் போயிரும். அதனால வாங்கியாச்சு. தோண்டுறது இந்த வருஷத்துப் பணம். அதுக்குப் புதுசாக் கடன் எடுக்கணும். ஜனங்ககிட்ட அதை வாங்குறது இன்னும் திறக்கல."

"எங்க சந்துக்கு ஒரு சின்ன குழாய் இதுலருந்து பிரிச்சு விடப்படாதா?"

"அது வேற பை, யக்கா. சின்ன வேலைக்கெல்லாம் வரிப்பணம். இது கடன் பணம். இதத் தூக்கி அதுல போடக் கூடாது. வீட்டுல அரிசி வாங்குற காசு வேற, வீடு கட்டுற காசு வேறன்னு வைக்கிறோம்ல?"

"எங்க வீட்டுல எல்லாம் ஒரே டப்பாதான் தம்பி" என்றாள் சேசம்மாள்.

இதுவரை பேசாமல் இருந்த விஜயலக்ஷ்மி மெதுவாகக் கேட்டாள்: "கடனை யார் அடைக்கறா?"

"தண்ணி குடிக்கிறவங்கதான்மா. இந்தக் குழாய் அறுபது வருஷம் மண்ணுக்குள்ள இருக்கும். இன்னிக்கி இருக்கிறவங்க தலையில மட்டும் அத்தனையையும் கட்டக் கூடாது. இனிமே பொறக்கப் போறவங்களும் வளந்து வரி கட்டி அடைப்பாங்க."

"அப்போ எனக்கு வர வட்டி, இன்னும் பொறக்காத கொழந்தைகள் குடுக்கறதா?"

ஞானசீலன் வரைபடத்தைச் சுருட்டினார். "அப்படியும் சொல்லலாம்" என்றார்.

குழாயை நகர்த்த முடியாது, அதை நகர்த்துவதற்கென்று கூலி எந்தப் பையிலும் இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில், மழை ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, ஒரு முற்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஷரீஃபுன்னிசாவின் வீடு பள்ளத்தில் இருந்தது. முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. முகைதீன் சரக்கு போட பஜாருக்குப் போயிருந்தான். மழைச் சத்தத்துக்கு மேலே ஒரு அலறல் சேசம்மாளுக்குக் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால், ஷரீஃபுன்னிசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "யக்கா, வலி எடுத்துட்டு."

எங்கே கொண்டுபோவது? சேசம்மாளின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சந்து முனையில் இடுப்பளவு ஓட்டம். மருத்துவச்சியைக் கூப்பிடப் போன பெண் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்ததால் அந்தக் குழாய்கள் மட்டும்தான் உலர்ந்து கிடந்தன. சேசம்மாள் அதிகம் யோசிக்கவில்லை. சாக்குகளையும் தன் கல்யாணப் புடவையையும் தன் வாசல் குழாய்க்குள் விரித்தாள். பெண்கள் சேர்ந்து ஷரீஃபுன்னிசாவைத் தூக்கிக் குழாய்க்குள் கிடத்தினார்கள்.

உள்ளே அவள் முனகினால் அது இடிமுழக்கம் மாதிரி திரும்பி வந்தது. சேசம்மாள் இரண்டு பெற்றவள், ஒன்றைப் பறிகொடுத்தவள். பேறு பார்த்துப் பழக்கமில்லை. அவள் மாதாவைக் கூப்பிட்டாள், ஷரீஃபுன்னிசா அல்லாவைக் கூப்பிட்டாள். இரண்டு கூப்பாடும் குழாய்க்குள் கலந்து எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. பிறகு மூன்றாவதாக ஒரு குரல், பூனைக்குட்டி மாதிரி மெலிந்த குரல், குழாய் முழுவதையும் நிறைத்தது. பெண் குழந்தை.

அக்தர் பானு என்று பெயர் வைத்தார்கள். மழை விட்டபோது முகைதீன் வீட்டின் பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. பச்சை உடம்புக்காரியை எங்கே கொண்டுபோவது? குழாயின் இரண்டு வாய்க்கும் கோணித்துணி தொங்கவிட்டார்கள். உள்ளேயே தொட்டில் கட்ட முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் லாரியும், கடப்பாரையும், நிறையக் கூலியாட்களுமாக அந்த மேஸ்திரி வந்து இறங்கினான். கடன் திறந்தாயிற்றாம். பணம் வந்தாயிற்றாம்.

அவன் கோணியை விலக்கப் போனான். சேசம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"எடுக்கப்படாது."

அவன் விழித்தான். ஆபீஸ்வரைக்கும் வந்து எடு எடு என்று கேட்டது நீதானே என்றான் இந்தியில். ஆமாம், அவள்தான். அவளுக்கே தலை சுற்றியது. எட்டு மாதமாகத் திட்டித் தீர்த்த இரும்பை இப்போது இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு நிற்கிறாள். "இப்ப வேண்டாம். பின்னால எடு" என்றாள். பின்னால் என்றால் பணம் இருக்காது, மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்றான் அவன். அவன் சொல்வதும் நியாயம்தான். கூலியாட்கள் சும்மா நின்றால் அவர்களுக்கும் கூலி கிடையாது. அவர்களில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள்.

கடைசியில் ஞானசீலன் இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மராத்திக்காரர், வயதானவர், வெள்ளைத் தொப்பி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் குனிந்து, கோணியை ஒரு விரலால் விலக்கி உள்ளே பார்த்தார். ஷரீஃபுன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கோணியை மெல்ல விட்டுவிட்டு, சத்தம் வராமல் பின்னால் நகர்ந்து வந்தார்.

"அந்தப் பக்கமிருந்து தோண்டுங்கள்" என்றார் மேஸ்திரியிடம். "இது கடைசியில்."

அவ்வளவுதான். போய்விட்டார். கடைசி என்பது எப்போது என்று கேட்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பள்ளம் நெருங்கி வர வர, இந்தப் பக்கம் முகைதீன் வீட்டுச் சுவர் எழும்பியது. இன்னாசிமுத்துவும் தோல் ஷாப்பில் அவனோடு வேலை பார்க்கிற சொரிமுத்துவும் வேலை முடிந்து வந்து மண் குழைத்தார்கள். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிவதற்கு முன்பே ஷரீஃபுன்னிசா தன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் குழாயைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினார்கள். மண் மூடியது. வாசல் அகலமாகத் திறந்து கிடந்தது. சேசம்மாள் பழக்கத்தில் சில நாள் பக்கவாட்டிலேயே நடந்து வெளியே வந்தாள்.

விஜயலக்ஷ்மி குழந்தைக்கு ஒரு வெள்ளிக் காப்பு வாங்கி அனுப்பினாள். வட்டிப் பணத்தில் வாங்கியது. "இதைக் குடுத்தா கணக்கு நேராகுமா, இல்லே இன்னும் கோணலாகுமான்னு எனக்குத் தெரியலைடி" என்றாள். சேசம்மாளுக்கும் தெரியவில்லை. வாங்கிக்கொண்டு போய்க் குழந்தை கையில் போட்டுவிட்டாள்.

சந்துக்குத் தண்ணீர் இரண்டு வருஷம் கழித்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், சந்து முனையில் ஒரு சிறிய பித்தளைக் குழாய் முளைத்திருந்தது. பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சேசம்மாளும் குடத்தோடு முண்டிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

இன்னாசிமுத்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே கேட்டான்: "இது அந்த மான்குர்த் தண்ணிதான?"

"இல்ல. இது வேற குழாயாம். வேற பையாம்."

"அப்ப அது?"

"அது கீழ போகுது."

"அங்க ஆளு வந்துட்டாவளா?"

சேசம்மாள் நிறைகுடத்தை இறக்கி வைத்தாள். "எனக்கென்ன தெரியும்? நீங்க வாய மூடிட்டுக் குளிங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடினாள்.